அம்மன் மூலையில் விட்ட கெண்டைக் குஞ்சுகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். இரண்டு முறை காகிதம் வாங்கி வந்து, பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணம், இதில் என் தப்பு இருக்கிறது. அந்தத் தப்போடு எங்கள் ஊர் அம்மன் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாமி பெயரை எடுத்துப் பேசி ஊராரின் மனத்தை இன்னொரு முறை புண்படுத்தவா என்று பயந்தேன். என் தப்பால் கஷ்டப்பட்ட மனிதர் இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைப் பற்றி ஆம்பூரில் ஒரு கதையும் எங்கள் ஊரில் ஒரு கதையும் நடக்கின்றன. இரண்டும் நடந்ததல்ல. நடந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன் பாக்கி. ஆகவே எழுதுகிறேன்.

காவேரிப்பாக்கத்துப் பெரிய ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் எங்கள் ஊர்ச் சின்ன ஏரிக்கு வரும். அந்த ஏரிக்கரையிலும் சுற்றுப்பட்ட மேட்டிலும் ஆவாரஞ்செடி வெட்டி, பட்டை உரித்துக் காயவைத்து, ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வண்டி ஏற்றி அனுப்புவது என் பிழைப்பு.

ஏரியின் வடகிழக்கு மூலையில் ஏழு கல் நட்டுக் கன்னிமாரைக் கும்பிடுகிறோம். கல்லுக்குக் கீழே உள்ள தண்ணீரை அம்மன் மூலை என்போம். அங்கே யாரும் வலை வீசமாட்டார்கள். தூண்டில் போடமாட்டார்கள். துணி கூடத் துவைக்கமாட்டார்கள். ஒரு பக்கம் கோரை, ஒரு பக்கம் அல்லி. கோடையில் ஏரி முழுக்க வெடித்துக் கிடந்தாலும் அந்த மூலையில் ஒரு மடு நிற்கும். என் மகள் மூன்று வயதில் ஜுரத்தில் கண் திறக்காமல் கிடந்தபோது, அந்தக் கல்லின் முன்னால் நின்று மீனும் கறியும் தொடமாட்டேன், வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து தண்ணீரில் பொரி போடுவேன் என்று வேண்டிக்கொண்டேன். பெண் பிழைத்தாள். வேண்டுதலையும் நான் விடவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு ஐப்பசியில், மழை விட்ட மறுநாள், ஒரு மாட்டு வண்டி நிறையப் பானைகளோடு அவர் வந்தார். மீன் இலாகாவில் கீழ் உத்தியோகம். ஆம்பூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். வீட்டில் எல்லோரும் தோல் மண்டி. இவர் ஒருவர் மீனுக்கு வந்துவிட்டார். அண்ணன்மார் கேலி செய்வார்களாம், இவன் தோலை விட்டுட்டு செதிலைப் பிடிச்சான் என்று. அதை எங்களிடம் அவரே சொல்லிச் சிரித்தார். நாங்கள் அவரைப் பாய் என்று கூப்பிட்டோம். அவர் என்னை அண்ணே என்றார்.

பானைகளில் கெண்டைக் குஞ்சுகள். எங்கோ வடக்கே ஆற்றில் பிடித்து, ரயிலில் வந்து, வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறக்கி வண்டியில் ஏற்றியிருந்தார்கள். அரை விரல் நீளம் இருக்கும். இவை வளர்ந்தால் ஒன்றொன்றும் ஒரு பிள்ளையைத் தூக்குகிற கனம் வருமாம். சர்க்கார் ஏரிகளில் இந்த மீனை விட்டு ஏழை பாழைகளுக்குச் சோற்றுக்கு மீன் கிடைக்கச் செய்வதாக ஏற்பாடு. ஏரி வற்றும்போது வலை போட்டுப் பார்த்து, விட்டது வளர்ந்ததா என்று அவர் எழுதி அனுப்பவேண்டும்.

நான் முதலில் பார்த்தது அவருடைய கையை. வழி நெடுக, ஒரு பானை மாற்றி ஒரு பானை, தண்ணீரைக் கையால் அலம்பிக்கொண்டே வந்திருக்கிறார். அலம்பாமல் விட்டால் குஞ்சுக்கு மூச்சு முட்டிப் போகுமாம். விரல்கள் வெளுத்துச் சுருங்கி, பிரசவ அறையிலிருந்து வந்த பிள்ளையின் கைபோல இருந்தன. என் மனைவி மோர் கொடுத்தாள். வலது கையைப் பானையிலிருந்து எடுக்காமல் இடது கையால் வாங்கிக் குடித்தார். அதற்காக மன்னிப்பும் கேட்டார்.

தண்ணீர் கலங்காத, சந்தடி இல்லாத இடம் எது என்று என்னைத்தான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. அம்மன் மூலையைக் காட்டினேன். அங்கே வலை இல்லை, ஆள் இல்லை, அம்மனே காவல். இதைவிடப் பிள்ளைகளை விடத் தோதான இடம் உண்டா என்றேன். ஊராரும் அதுதான் சரி என்றார்கள். மஞ்சள் தெளித்து, கற்பூரம் ஏற்றினோம். அவர் செருப்பைக் கரைமேல் கழற்றி வைத்து, தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு, முடியும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு பானைகளை ஏரித் தண்ணீரில் மிதக்க விட்டார். உடனே கவிழ்க்கவில்லை. ஒரு கை ஏரித் தண்ணீர், இன்னொரு கை ஏரித் தண்ணீர் என்று பானைக்குள் விட்டு, குஞ்சுகளுக்குப் புதுத் தண்ணீர் பழகிய பிறகு, தம் வழக்கப்படி இறைவன் பெயரைச் சொல்லி மெல்லச் சாய்த்தார். ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பொரி போட்டேன். குஞ்சுகள் மழைத்துளி விழுந்ததுபோல மேலே வந்து கொத்தின. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்போதுதான் கோரையின் அடியில் ஒரு கட்டை கிடப்பதைப் பார்த்தேன். கட்டைக்குக் கண் இருந்தது. விரால் மீன், என் முழங்கையைவிட நீளம். துடுப்பு மட்டும் லேசாக அசைந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்ததோ. பிறகு அது வந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீர் ஒரு முறை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு குஞ்சு இல்லை. கட்டை பழைய இடத்தில் கிடந்தது.

பயப்படவேண்டிய இடத்தில் நான் அதிசயப்பட்டேன். இப்படி ஒரு பொறுமையை ஆண்டவன் ஒரு மீனுக்குக் கொடுத்திருக்கிறானே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாரா வாரம் பார்த்தேன். விரால் ஒன்றல்ல, பல. வலை படாத மடுவில் பல வருஷமாகத் தின்று பெருத்தவை. என் பொரிக்குக் குஞ்சுகள் மேலே வரும், குஞ்சுகளுக்கு விரால் வரும். தை பிறந்தபோது பொரி போட்டால் தண்ணீர் அசையவில்லை.

கோடையில் ஏரி சுருங்கியதும் பாய் வந்து, மீன் பிடிக்கும் குடும்பத்தாரோடு சேற்றில் இறங்கி, வலையில் வந்ததை ஒன்றொன்றாகத் தாமே புரட்டிப் பார்த்தார். கெளுத்தி, குறவை, விரால். அவர் விட்ட கெண்டையில் ஒன்றும் இல்லை. அம்மன் மடுவில் யாரும் வலை இறக்கவில்லை. இறக்கச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. நான் கரையில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று என்னை நானே பல முறை கேட்டிருக்கிறேன். விரால்தான் தின்றது என்று சொன்னால், விராலைப் பிடிக்க வலை அம்மன் மூலைக்குள் போகும். என் பெண்ணை மீட்டுக் கொடுத்த தண்ணீர் அது. இடத்தைக் காட்டியவனும் நான்தான் என்கிற வெட்கம் வேறு. மறு வருஷமும் அவர் வண்டியோடு வந்தார். மறுபடியும் அதே மூலை, அதே கற்பூரம். நானே தட்டைப் பிடித்தேன். மறு கோடையிலும் வலை வெறுமையாக வந்தது.

அதன் பிறகு யாரோ மொட்டைக் கடிதாசி எழுதினார்கள். மீன் குஞ்சைப் பாய் நெமிலிப் பக்கம் ஒரு பெரிய மனுஷரின் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, வெறும் பானையை எங்கள் ஏரியில் கவிழ்த்தார் என்று. மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு வருஷம் பார்க்கிறேன், அப்போதும் மீன் இல்லையென்றால் வேலை போவதோடு திருட்டு வழக்கும் வரும் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் ஐப்பசியில் வண்டியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது இதையெல்லாம் அவர் வாயாலேயே சொன்னார். ஆள் பாதியாகியிருந்தார். கை மட்டும் பானைக்குள் அலம்பிக்கொண்டே இருந்தது.

"வேலை போனா போவுது அண்ணே. மண்டியில தோலு பிரிச்சாவது கஞ்சி குடிச்சுக்குவேன். திருடன்னு பேரோட ஆம்பூர் பஜார்ல எப்படி நடப்பேன்? ரெண்டு பொண்ணு இருக்குது."

உள்ளே போனேன். என் மனைவிக்கு விரால் சங்கதி முதல் வருஷமே தெரியும். நான்தான் அதிசயமாகச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னாங்க, நம்ம பொண்ணுக்கு உசுரு கேட்டு அங்க போனீங்க. அவரு பொண்ணுங்களுக்கு இன்னா பதில் வெச்சிருக்கீங்க?"

வெளியே வந்து சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. இடத்தைக் காட்டியது நான், முதல் வெள்ளிக்கிழமையே பார்த்தது நான், இரண்டு கோடையிலும் கரையில் நின்று சும்மா இருந்தது நான்.

அவர் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். என்னை அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பானைக்குள் அவர் கை நிற்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை நிற்கவே இல்லை.

"ரெண்டு வருஷமாவா அண்ணே?" என்றார்.

"ரெண்டு வருஷமா, பாய்."

"சரி. இந்தப் பானையக் கொஞ்சம் அலம்புங்க. அந்த விரால நான் பாக்கணும்."

வண்டிக்காரரிடமும் என்னிடமும் பானைகளை ஒப்படைத்துவிட்டு என் மனைவி கொடுத்த பொரியோடு அவர் தனியாகப் போனார். திரும்பி வர வெகு நேரமானது. பிறகு என்னையும் கூட்டிப் போனார். அல்லி இலைகளுக்கு நடுவே செம்பருத்திப் பூவைக் கசக்கிப் போட்டதுபோல ஒரு சிவப்பு, கொதிக்கிற உலைபோலத் தண்ணீரில் புரண்டுகொண்டிருந்தது. விராலின் பார்ப்பு, அப்போதுதான் பொரித்த குஞ்சுக் கூட்டம். அதற்குக் கீழே ஆணும் பெண்ணுமாக இரண்டு விரால். ஒரு தவளை கிட்டே குதித்தது. ஆண் விரால் பாய்ந்த வேகத்தில் தவளை கரைக்கே ஏறிவிட்டது. அவர் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாழ்க்கையைக் கெடுத்த மீன் அது. அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் கோயிலில் நிற்கிற முகம் அது.

"தம் புள்ளைங்கள எப்படிக் காக்குது பாருங்க அண்ணே. நான்தான் என் புள்ளைங்கள அதோட வாசல்ல எறக்கிட்டுப் போய்ட்டேன்."

இந்த மடுவில் வலை போட்டு விராலையெல்லாம் எடுத்துவிடலாமே என்று நானே சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். ஒரு வருஷம் எடுத்தால் மறு வருஷம் வேறு விரால் வரும், ஊராரின் மனம் உடைந்தால் அது திரும்பி வராது என்றார். தாம் கொஞ்ச காலம் நீலகிரியில் வேலை பார்த்ததைச் சொன்னார். அங்கே துரைமார் ட்ரௌட் என்று ஒரு சீமை மீனை ஏரியில் விடுவார்களாம். பொடிசாக விட்டால் ஏரியில் ஏற்கெனவே இருக்கிற பெரிய மீன் தின்றுவிடும். அதனால் தொட்டியில் வளர்த்து, தின்ன முடியாத அளவு ஆன பிறகுதான் விடுவார்களாம். நம்மிடம் தொட்டி ஏது என்று யோசித்தோம்.

என் நிலத்து ஓரத்தில் செங்கல்லுக்கு மண் எடுத்த குட்டை ஒன்று இருந்தது. மூன்று நாள் இறைத்தோம். குஞ்சுகள் அதுவரை என் வீட்டு அண்டாவிலும், தொட்டியிலும், மாட்டுக் கழுநீர்ப் பானையிலும் இருந்தன. நாங்களும் பக்கத்து வீட்டாரும் முறை வைத்து அலம்பினோம். குட்டை வற்றியதும் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. மண்வெட்டி எடுத்துச் சேற்றையும் வாரச் சொன்னார். முழங்கால் ஆழத்தில், ஈரக் களிமண்ணுக்குள், ஒரு விரால் சுருண்டு உயிரோடு கிடந்தது. எப்போது வந்ததோ, எப்படி வந்ததோ. மழை ஈரத்தில் தரைமேலேயே நெளிந்து வரும் ஜாதி அது. அதை ஈரச் சாக்கில் சுற்றி, அவரே கொண்டுபோய் அம்மன் மூலையில் விட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து தை கடைசிவரை அவர் என் மாட்டுக் கொட்டகையில் தங்கினார். தம் சோற்றைத் தாமே பொங்கிக்கொள்வார். விடியும்போது அவர் தொழுவார், நான் திருநீறு பூசுவேன், இருவரும் குட்டைக்குப் போவோம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் என் மனைவி பிசைந்து கொடுத்தாள். கொக்கும் மீன்கொத்தியும் வராமல் குட்டைமேல் முள் பரப்பினோம். ஊரில் என்னைக் கேலி செய்தார்கள். மீன் தொடாத ஆள் மீனுக்குச் சோறு ஊட்டுறான் என்று. அவர் அதைக் கேட்டுவிட்டு, அதுதான் நல்லது, குஞ்சு கம்மியானா சந்தேகப்பட வேண்டாம் என்றார்.

ஏரியில் விடும் நாள் வந்தது. எத்தனை நீளம் ஆனால் விரால் விழுங்காது என்று யாருக்குத் தெரியும்? அதற்கு அவர் செய்த யுக்தியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காவேரிப்பாக்கம் சந்தையில் இருந்ததிலேயே பெரிய விராலின் தலையை வாங்கி, வாயை நன்றாகப் பிளந்து, குச்சி கொடுத்து வெயிலில் காயவைத்திருந்தார். குட்டையிலிருந்து பிடித்த ஒவ்வொரு கெண்டையையும் ஈரக் கையில் எடுத்து அந்த வாய்க்கு நேரே பிடிப்பார். வாய்க்குள் போகும் அளவுக்கு இருந்தால் மறுபடியும் குட்டைக்கு. போகாவிட்டால் பானைக்கு. காலையில் தொடங்கி வெயில் சாயும்வரை, ஒன்றைக்கூட விடாமல். இத்தனை வருஷ விரதத்தில் ஒரு மீன் தலையைத் தொட்டது நான் அன்றுதான். அவருக்காகப் பிடித்துக்கொண்டேன். அம்மன் பொறுத்துக்கொண்டாள் என்றே நம்புகிறேன்.

இந்த முறை அம்மன் மூலையில் விடவில்லை. தெற்கே, மதகுப் பக்கம், கோரை இல்லாத பரந்த தண்ணீரில் விட்டோம். கற்பூரம் மட்டும் வழக்கம்போல.

வைகாசி முடிவில் மேலதிகாரி வந்தார். ஊரே கரையில் கூடியிருந்தது. முதல் வலை இழுத்தபோது கயிறு பிடித்தவர்களின் குரல் மாறியது. கெண்டை, ஒவ்வொன்றும் முழங்கை நீளம், வெள்ளித் தாம்பாளம் போல. பாய் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மீனை மடியில் வைத்துத் தண்ணீர் விட்டுத் துடைத்தார்.

அதிகாரி கண்டிப்பானவர், நேர்மையானவர். இந்த வருஷம் மீன் இருக்கிறது, சந்தோஷம், முந்தைய இரண்டு வருஷக் குஞ்சுகள் எங்கே என்று கேட்டார். முந்தின நாளே பாய் என்னிடம் சொல்லியிருந்தார், அம்மன் மூலையைப் பற்றி மூச்சு விடவேண்டாம், இவர்கள் ஒரு உத்தரவு போட்டால் அங்கே வலை இறங்கும், நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்று. அப்படியே சொன்னார்.

"என் கவனக்குறைவுங்க."

"அப்படியே எழுதிக்கொள்ளலாமா? எழுதினால் அந்தக் கடிதாசியில் உள்ளது உண்மை என்று ஆகும்."

பாய் தலையைக் குனிந்துகொண்டு, எழுதிக்கோங்க என்றார்.

எங்கள் கல்லுக்காக, தம்முடையது அல்லாத சாமிக்காக, அந்த மனிதர் திருடன் பட்டத்தை வாங்கிக்கொள்ள நின்றார். எனக்குக் கால் தானாக நடந்தது. அதிகாரியின் முன்னால் போய், ஊரார் அத்தனை பேரும் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், உன் வாயை மூடு, அம்மன் சங்கதியை வெளியாள் கிட்ட எதுக்கு இழுக்கிற என்றார். நான் நிறுத்தவில்லை.

அதிகாரி அந்த மடுவைக் காட்டச் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். குட்டையில் வாய்க்குள் போகும் அளவிலேயே நின்றுவிட்ட சில குஞ்சுகள் மிச்சம் இருந்தன. அவற்றைப் பாய் ஒரு செம்பில் கொண்டுவந்து விட்டார். நான் பொரி போட்டேன். கோரையடியில் கட்டை கிடந்தது. கிடந்தது. பிறகு தண்ணீர் உள்ளே இழுத்தது.

அதிகாரி குனிந்து தண்ணீரில் விரிந்த வளையத்தைப் பார்த்தார். பிறகு பாயைத் திரும்பிப் பார்த்து, இந்த மடுவில் ஒரு வலை போட்டு ஒரு விராலை அறுத்துக் காட்டியிருந்தால் போன வருஷமே உங்கள்மேல் பழி வந்திருக்காதே, ஏன் போடவில்லை என்றார்.

"இவங்க போடலைங்க. அதனால நானும் போடல."

அதிகாரி பேனாவை எடுத்தார். காகிதத்தில் எழுதியதை அங்கேயே எங்களுக்குப் படித்துக் காட்டினார். குஞ்சுகளை விரால் தின்றது, சிப்பந்தியின்மேல் குற்றம் இல்லை, இனிக் குட்டையில் வளர்த்தே விடவேண்டும். அம்மன் மூலையில் வலை போடுவது பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. பாய் ஆம்பூர் பஜாரில் தலை நிமிர்ந்து நடந்தார். இரண்டு பெண்களின் கல்யாணத்துக்கும் நான் போய்ப் பந்தலில் உட்கார்ந்தேன். எனக்காகத் தனியாக, பக்கத்து வீட்டு அடுப்பில், பருப்புச் சோறு சமைக்கச் சொல்லியிருந்தார்.

ஊரில் மட்டும் கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கும் முறையில் என் வீட்டை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். அது சரிதான் என்று பட்டது. மறு வருஷம் அவர்களே வந்து கூப்பிட்டார்கள்.

இப்போது ஆம்பூரில், பாய் மதகில் ஒரு தாயத்துக் கட்டினார், மீன் கொட்டியது என்கிறார்கள். எங்கள் ஊரில், அம்மன் மனம் இரங்கி ஒரே வருஷத்தில் மீனைப் பெருக்கினாள் என்கிறார்கள். அம்மன் இரங்கினாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாயத்து எதுவும் அவர் கையில் நான் பார்க்கவில்லை. வெளுத்துச் சுருங்கிய விரல்களைத்தான் பார்த்தேன். இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால், இருக்கிறபடியே சொல்லுங்கள். அந்தக் காய்ந்த விரால் தலையை விட்டுவிடாதீர்கள். அவரைப் பெரிதாக்க எதையும் சேர்க்கவேண்டாம், அவருக்கு அது தேவையில்லை. என்மேல் இரக்கப்பட்டு நான் வாய் மூடியிருந்த இரண்டு வருஷத்தை ஒன்று என்று குறைக்கவும் வேண்டாம்.